ஆர்.இ. எண் என்ன சொல்கிறது?

கேள்வி: அமெரிக்கப் படையிலிருந்து வந்து, ரிசர்வ் பட்டியலில் சும்மா இருப்பவர் மறுபடி சேர முடியுமா?

பதில்: தாராளமாக! அங்கே முதல்முறை சேருபவர் கையெழுத்திடுவது பொதுவாக 8 வருடத்துக்கு. நாலு வருடத்தில் சீருடையைக் கழற்றினாலும், மிச்ச காலம் பெயர் பட்டியலில் இருக்கும். பயிற்சியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. (படையில் இருந்த பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1960-லேயே பாட்டுக்குத் திரும்பிவிட்டார், ரிசர்வ் கணக்கு தீர்ந்தது 1964-ல்தான்!)

திரும்ப வருபவரின் முகத்தை ஆள்சேர்ப்பு அதிகாரி பார்ப்பதில்லை. டி.டி.214 என்ற விடுவிப்புச் சான்றிதழில் உள்ள 'ஆர்.இ.' (மறுசேர்ப்பு) எண்ணைத்தான் பார்ப்பார். 1 என்றால் வாங்க, உட்காருங்க. 3 என்றால் விதிவிலக்கு வாங்க வேண்டும். 4 என்றால் பெரிய கும்பிடு. அப்புறம் மருத்துவப் பரிசோதனை. எடை கூடியிருந்தால் இடுப்புக்கு டேப்பும் வரும்.

இவர் போகாவிட்டாலும் அவர்கள் கூப்பிடலாம். 2004-ல் இராக், ஆப்கன் போர்களுக்காக இப்படிச் சும்மா இருந்த சுமார் 5,600 பேரை அழைக்கப்போவதாக ராணுவம் அறிவித்தது.