டொக்கு டொக்குன்னா தொடாதலே

ஏலே மக்கா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? ஹார்டு டிஸ்க்கு படுத்துட்டா? விடிய விடிய வீடியோ பாத்துப் பாதி டாக்டர் ஆயிட்டியாமே! சரி, டாக்டரு இப்படிப் பைய உக்காரும். பேரன் சர்வீஸ் கடையில பெஞ்சு தேய்க்குத கெழவன் நாலு வார்த்தை சொல்லுதேன்.

மொதல்ல ஒண்ணு கேக்கேன். கேபிளைக் கழத்தி மாட்டிப் பாத்தியா? பாக்கலியா? அதான பாத்தேன். சின்ன வைத்தியம் செஞ்சா ஒனக்குக் கௌரவம் கொறஞ்சிருமே! செத்துப்போச்சுன்னு தூக்கிட்டு வாரதுல சிலது, வேற கேபிள் போட்டதும் எந்திரிச்சு உக்காந்துக்கிடும். டிஸ்க்கு தன் சீக்கைத் தானே குறிச்சு வச்சுக்கிடும், தெரியுமா? ஸ்மார்ட்டுன்னு அதுக்குப் பேரு. அதுல 199-ங்குற வரியில எண்ணு ஏறிக்கிட்டே போச்சுன்னா, அநேகமா கேபிள்தான் குத்தவாளி. கேபிளை மாத்தினாலும் ஏறினது இறங்காது. மேற்கொண்டு ஏறாம நின்னாச் சரியாப்போச்சு. 5-லயும் 197-லயும் ஏறுதா? அது வேற சோலி. தட்டுலயே எடம் கெட்டுக்கிட்டு வருது.

அடுத்தாப்புல காதைக் குடுத்துக் கேளு. டொக்கு டொக்குன்னு சத்தம் வருதா? உள்ள ஹெட்டு தன் எடந்தெரியாமத் தேடித் தேடித் திரும்புத சத்தமா இருக்கும். அப்ப என்ன செய்யணும்? கரண்டை நிறுத்தணும். அம்புட்டுத்தான். நீ என்ன செய்யுத? அதைப் போன்ல பதிவு பண்ணி குரூப்புல போடுத. குரூப்புல ஒருத்தன் "இன்னொரு தடவை ஆன் பண்ணு"ங்கான். இன்னொருத்தன் "லேசாத் தட்டிப் பாரு"ங்கான். அவனுவளுக்கு என்ன, போறது ஒன் கல்யாண போட்டோதான?

அந்தத் தட்டு நிமிசத்துக்கு 5,400 சுத்தோ 7,200 சுத்தோ சுத்தும். அதுக்கு மேல சில நானோமீட்டர் ஒசரத்துல ஹெட்டு பறக்கு. ஒன் தலைமயிரு கனம் சுமாரா 80,000 நானோமீட்டர். தூசி வடிகட்டின அறையில வச்சுத் தொறக்க வேண்டிய சாமானை, மொட்டை மாடிக் காத்துல திருப்புளியும் கையுமாத் தொறக்கான் ஒரு கோட்டிக்காரன். "சும்மா உள்ள எப்படி இருக்குன்னு பாத்தேன் தாத்தா"ங்கான். பாத்துட்டேல்ல? இனிமே அது முகம் பாக்கத்தான் ஆவும்.

ஃபிரீசர் வைத்தியம் ஒண்ணு உண்டு. டிஸ்க்கைப் பாலித்தீன் பையில சுத்தி, மீனுக்குப் பக்கத்துல ராத்திரி பூரா வைக்கணுமாம். வெளிய எடுத்ததும் தட்டு வேர்க்காதாலே? ஈரத்தட்டுல ஹெட்டை ஓட்டினா மிச்சம் என்ன இருக்கும்? 1956-ல ஐபிஎம் கம்பெனி மொத மொத விட்ட ஹார்டு டிஸ்க்கு ஒரு டன்னுக்கு மேல கனம். 24 அங்குலத்துல அம்பது தட்டு. அத்தனையும் சேத்து எழுத்து அம்பது லட்சந்தான் புடிக்கும். இன்னிக்கு ஒன் செல்ஃபி ஒண்ணுக்கே பத்தாது. ஆனா ஒரு சௌரியம், அதை எவனும் ஃபிரீசருல வச்சிருக்க முடியாது.

பொறவு ஒரு கெட்டிக்காரன் வந்தான். அதே மாடல்ல பழைய டிஸ்க்கு வாங்கி, அடியில இருக்குத போர்டைக் கழத்தி இதுல மாட்டிட்டான். ஓடலை. எப்படி ஓடும்? இப்ப வார டிஸ்க்குல ஒவ்வொண்ணுக்கும் அதது அளவு தனி. அது போர்டுல ஒரு சிப்புக்குள்ள எழுதியிருக்கும். அந்தச் சிப்பையும் எடுத்து மாத்தணும். மாடல் ஒண்ணா இருந்தாப் போதுமாலே?

சத்தம் இல்ல, ஆனா ஒரு ஃபைலு நகருததுக்கே நாளாவுதுன்னா இன்னும் நேரம் இருக்கு. அப்பவும் அவசரப்பட்டு செக் டிஸ்க்கைத் தட்டி விட்டுறாத. அது சரி பண்ணுதேன்னு சீக்கு டிஸ்க்கு மேலயே எழுதும். மொதல்ல இருக்குறதை வேற டிஸ்க்குக்கு நகல் எடு. டிடி-ரெஸ்க்யூன்னு ஒண்ணு சும்மாவே கெடைக்கு. தீப்புடிச்ச வீட்டுல கைக்கு எட்டுனதை வெளிய தூக்கிப் போட்டுட்டுதான இரும்புப் பெட்டிக்குப் போவ? அது மாதிரி நல்ல எடத்தை வெரசா அள்ளிட்டு, முரண்டு புடிக்குத எடத்துக்குக் கடைசியில வரும். நகல் எடுத்த பொறவு அந்த நகல்ல வச்சு ஒன் வித்தை பூராவும் காட்டு. எவன் கேக்கப் போறான்? ஆனா மீட்குத சாப்ட்வேரை அந்தச் செத்த டிஸ்க்குலயே ஏத்தி, மீட்டதையும் அதுலயே சேமிக்கான் பாரு, அவனுக்குக் கோயில் கட்டணும்.

"எங்கிட்ட எஸ்.எஸ்.டி. தாத்தா, சத்தமே வராது"ன்னு நெஞ்சை நிமித்துதியோ? ஆமாலே, சாவும்போதும் வராது.

"பேக்கப் இருக்கு தாத்தா"ன்னான் ஒருத்தன். அடடே, வெவரமான புள்ளன்னு நெனைச்சேன். எங்கலேன்னு கேட்டா "டி டிரைவுல"ங்கான். ஒரே டிஸ்க்குல நடுவுல கோட்டைப் போட்டு சி, டி-ன்னு பேரு வச்சா ரெண்டு டிஸ்க்கு ஆயிருமா? சமையக்கட்டுல புடிச்ச தீ பட்டாசாலைக்கு வர வழி கேக்குமா? வெவரமானவன் 3-2-1-ன்னு ஒரு கணக்கு வச்சிருக்கான். மூணு காப்பி, ரெண்டு வகை சாமான்ல, ஒண்ணு வீட்டுக்கு வெளிய. இதுக்குப் பெரிய படிப்பு வேணுமா?

டிஸ்க்கு சாவத்தான் செய்யும். அதைப் பொழைக்க வைக்குதவன் கெட்டிக்காரன் இல்ல. செத்தாச் சாவட்டும்னு வேற ஒண்ணைக் கையில வச்சிருக்கவன்தான் கெட்டிக்காரன். வீட்டுக்குப் போனதும் மிச்ச டிஸ்க்கு எல்லாத்துக்கும் ஒரு காப்பி எடு. என்னது, நாளைக்கு எடுக்குதியா? எடு ராசா, எடு. டேட்டா மீட்குத கடைக்காரன் மாடி வீடு கட்டிக்கிட்டு இருக்கான். அதுல ஒரு தளம் ஒன் புண்ணியத்துல எந்திரிக்கட்டும்.