மாதோட்டத்து ஒற்றைக் கராம்பு

மன்னார்த் தீவின் தாராபுரத்தில் பஸ் ஏறுங்கள். வீதியில் கழுதை படுத்திருந்தால் பஸ் நிற்கும், கழுதை எழும்பாது. மன்னார்க் கோட்டையைத் தாண்டிப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் மாந்தை, பழைய மாதோட்டம். சீனத்துப் பீங்கானும் பாரசீகத்துச் சாடியும் வந்திறங்கிய துறைமுகம். இன்று போய்ப் பார்த்தால் ஒரு மேடு, சுற்றிப் பற்றை.

இந்த மேட்டில் கொம்பியூட்டர் வேலையெல்லாம் கொம்பியூட்டருக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது, தெரியுமோ? சம்பந்தரும் சுந்தரரும் கடலே தாண்டவில்லை. இராமேஸ்வரத்தில் நின்றபடி மாந்தையின் திருக்கேதீச்சரக் கோயிலைப் பாடினார்கள் என்கிறது மரபு. சுத்தமான ரிமோட் சென்சிங். சட்டலைட் செலவு ஒரு சதம் இல்லை!

1560இல் போர்த்துக்கேயர் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள். கல், அந்தக் கோயிலை உடைத்து எடுத்தது என்பது ஊர்ப்பேச்சு. மாந்தையில் ‘கட்’, மன்னாரில் ‘பேஸ்ட்’. 1658இல் ஒல்லாந்தர் வந்து பாஸ்வேர்ட்டை மாற்றினார்கள்.

1980இல் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் மாந்தை மேட்டை முறையாகக் கிண்டத் தொடங்கினார்கள். அப்போது ஐபிஎம் பீசியே பிறக்கவில்லை. 1984இல் மெக்கின்டொஷ் பிறந்தது. அதே வருடம் வேலை நின்றது. யுத்தத்துக்குக் கிண்டல் பிடிக்காதே! ஆய்வுப் புத்தகம் எப்போது வந்தது என்கிறீர்கள்? 2013இல். நடுவில் பிளொப்பி வந்து போனது, சீடி வந்து போனது. மாந்தை அப்படியே கிடந்தது, கொம்பியூட்டர்தான் தொல்பொருளாகிக்கொண்டிருந்தது.

அந்தப் புத்தகம் வருமுன்பே, 2009-10இல் மறுபடி கிண்டினார்கள். இந்தமுறை வந்த அதிநவீன உபகரணம் என்ன? தண்ணீர்! மண்ணைக் கரைத்தால் கருகிய விதைகள் மிதக்கும். அரித்தெடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தார்கள். நெல் இருந்தது, கொஞ்சம் மிளகு இருந்தது, கராம்பு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காக 2018இல் உலகப் பத்திரிகைகளெல்லாம் மாந்தையைத் தேடி வந்தன. முழு நகரத்துக்கும் கிடைக்காத மரியாதை!

வயது? கி.பி. 900க்கும் 1100க்கும் இடையிலாம். இருநூறு வருட இடைவெளி! தாராபுரத்து உம்மும்மாவிடம் அவர் பிறந்ததைக் கேளுங்கள், “அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்கு முந்தின நோன்பு” என்று கணக்காகச் சொல்வார். கொம்பியூட்டருக்குப் புயலும் தெரியாது, நோன்பும் தெரியாது.

எனக்குக் கவலை வேறு. மலுக்குத் தீவுகளிலிருந்து அத்தனை கடல் தாண்டி வந்த சாமானை யாரோ அடுப்பில் தவறவிட்டுக் கருக்கியிருக்கிறார். அன்று அந்தக் குசினியில் என்ன ஏச்சு விழுந்ததோ, கராம்பு வாய் திறக்கவில்லை.