பரண், வாழைப்பழம், எடைமேடை: சலிப்பியலுக்குக் கள்ளக்குறிச்சியின் பங்களிப்பு

வேலை சலிக்கும்போது மனிதன் கொட்டாவி விடுகிறான் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. கொட்டாவி விட்டு முடித்ததும் அதே வேலைக்கு எப்படித் திரும்புகிறான் என்பதில்தான் சிக்கல். இச்சிக்கலை ஆராயக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. அங்கே சாமையும் தினையும். கீழே சமவெளியில் கரும்பும் நெல்லும். தினைக்குக் காவல் இருக்க வேண்டும். கரும்புக்குக் காத்திருக்க வேண்டும். உலகில் உள்ள சலிப்பெல்லாம் இவ்விரண்டில் ஒன்றுக்குள் அடங்கும்.

இக்கட்டுரையின் கருதுகோள் பின்வருமாறு: சலிப்பான வேலையில் தாக்குப்பிடிப்பவர் அந்த வேலையை விரும்புகிறவராக இருக்க வேண்டியதில்லை, அதற்குள் இன்னொரு வேலையை ஒளித்து வைத்திருந்தால் போதும்.

முதற்சான்று சங்கப் புலவர் கபிலர். திருக்கோவிலூர் இன்று இம்மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே தென்பெண்ணை ஆற்றில் நிற்கும் கபிலர் குன்றில்தான் அவர் உயிர்நீத்தார் என்பது மரபு. அவருடைய குறிஞ்சிப்பாட்டைக் காதல் இலக்கியம் என்று பாடம் நடத்துகிறார்கள். சலிப்பியல் நோக்கில் அது ஒரு பணியிட அறிக்கை. பணியாளர்கள்: தலைவி, தோழி. பணி: பரணில் இருந்து தினைக்கு வரும் கிளிகளை ஓட்டுதல். வழங்கப்பட்ட கருவிகள்: தழல், தட்டை, குளிர். உச்சிவெயில் ஏறியதும் இருவரும் அருவியில் நீராடிவிட்டுப் பூப்பறிக்கப் போய்விடுகிறார்கள். அவர்கள் பறித்ததாகக் கபிலர் அடுக்கும் பூக்கள் 99. ஓட்டப்பட்ட கிளிகள் எத்தனை என்ற கணக்கு அறிக்கையில் இல்லை. பிறகு வேட்டை நாய்களோடு ஓர் இளைஞன் வந்து சேர்கிறான். அதற்குமேல் தினையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

இது கடமை தவறிய செயல் என்று மேற்பார்வையாளர்கள் நோட்டீஸ் கொடுக்கலாம். அப்பெண்கள் சார்பில் சாட்சி சொல்லக் கேம்பிரிட்ஜில் ஒருவர் இருந்தார்: உளவியலாளர் நார்மன் மேக்வொர்த். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரையில் தெரிந்ததைக்கூடத் தவறவிட்டார்கள். காரணம் அறிய அவர் ஒரு கடிகாரம் செய்தார். முள் நொடிக்கு ஒரு படி நகரும். எப்போதாவது ஒரு முறை இரண்டு படி தாவும். தாவலைக் கண்டவர் உடனே தெரிவிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் இதுதான் வேலை. 1948இல் வெளியான முடிவின்படி, முதல் அரை மணி கடந்ததுமே கவனம் சரிந்தது. அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றிப் பார்த்தபோது சரிவு நின்றது. கபிலரின் பணியாளர்கள் விதிப்படிதான் நடந்திருக்கிறார்கள்.

ஓய்வே தராத இடத்தில் என்ன செய்வது? இங்கே சமூகவியலாளர் டொனால்ட் ராய் உதவிக்கு வருகிறார். அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், வெட்டு இயந்திரத்தை அழுத்தும் வேலையை அவரே செய்தார். அங்கே ஒரு தொழிலாளி தினமும் வாழைப்பழம் கொண்டுவருவார். இன்னொருவர் அதைத் திருடி, ‘வாழைப்பழ நேரம்!’ என்று கூவிவிட்டுத் தின்பார். பறிகொடுத்தவர் கத்துவார். மறுநாளும் பழம் வரும், மறுநாளும் திருட்டுப் போகும். இப்படிப்பட்ட சின்னச் சின்ன ‘நேரங்கள்’தான் அந்த நீண்ட நாளை நகர்த்தின. ஒரு கட்டத்தில் சண்டை மூண்டு பேச்சு நின்றபோது ராய்க்குப் பழைய அலுப்பு திரும்பிவிட்டது. 1959இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே வாழைப்பழம் இருக்கிறது.

கோட்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்களிடம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கினார்கள். அந்த ஆண்டுதான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. கூலியே இல்லாத வேலையில் ஊக்கம் ஏன் குறைகிறது என்று கேட்பவரைச் சலிப்பியல் தன் மாணவராக ஏற்பதில்லை.

கூலி உள்ள வேலைக்குத் திரும்புவோம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைப் பருவத்தில் எடைமேடைக்கு முன்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டும். வெட்டிய கரும்பு காயக் காய எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ஓட்டுநர் கையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வண்டியை விட்டுப் போகவும் முடியாது. காவலும் காத்திருப்பும் ஒரே ஆளிடம் சேரும் அபூர்வ நிலை இது. இதற்கு மருந்தாக இருப்பவை டீ, சீட்டுக்கட்டு, முன்னால் நிற்கிற வண்டி குறுக்கே புகுந்ததா இல்லையா என்ற தீராத வழக்கு. ராயின் தொழிற்சாலையில் வாழைப்பழம் பார்த்த வேலையை இங்கே அந்த வழக்கு பார்த்துவிடும்.

ஆனால் செல்போன் வந்துவிட்டது. வழக்காட ஆள் இல்லாமல் அவரவர் இருக்கையில் அவரவர் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தால், ராயின் கணக்குப்படி அலுப்பு கூட வேண்டும். இதைச் சோதித்தறிய அடுத்த அரவைப் பருவத்தில் களப்பணி திட்டமிடப்படுகிறது. செலவுக் கணக்கில் டீக்கு மட்டும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. வாழைப்பழம் யார் கொண்டுவருவது, யார் திருடுவது என்பதில் ஆய்வுக்குழு இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை.