முன் வரிசைக்கு ஆள் வேண்டும்

பெரிய சபாவில் கச்சேரி கேட்கக் காது இருந்தால் போதும். சின்ன சபாவில் கேட்க முகமும் வேண்டும்.

மியூசிக் அகாடமி மாதிரி அரங்கில் 1,500 பேருக்கு நடுவே இருட்டில் உட்கார்ந்து நீங்கள் தாராளமாகக் கொட்டாவி விடலாம். வாட்ஸப் பார்க்கலாம். பக்கத்து சீட் மாமியின் பட்டுப்புடவை என்ன விலை இருக்கும் என்று கணக்குப் போடலாம். மேடைக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் காலனி சபாவில் மொத்தக் கூட்டமே முப்பதைத் தாண்டாது. டியூப்லைட்டெல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். பாடுகிறவருக்கும் முன் வரிசைக்கும் நடுவில் ஒரு ஜமக்காளம்தான் தூரம். நீங்கள் மூக்கைச் சொறிந்தால் வயலின்காரர் பார்த்துவிடுகிறார்.

சபா நடப்பது மீனம்பாக்கத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பின் சமூகக் கூடத்தில். காலையில் அங்கே யோகா. சில ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசக் கண் பரிசோதனை. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. போன தேர்தலுக்கு வரைந்த ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ அம்புக்குறிகள் சுவரிலிருந்து இன்னும் அழியவில்லை. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து அதன்படியே பிரிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், கணவன் மனைவியாகச் சேர்ந்து வந்தவர்கள்கூட. அப்படிப் பிரிந்ததில் யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கூடம் கலைக்கு என்று ஏற்பாடு. ஒரு மாதம் பாட்டு, ஒரு மாதம் நாட்டியம், ஒரு மாதம் நாடகம், எதுவும் அமையாத மாதம் சொற்பொழிவு. அனுமதி இலவசம். ‘அனைவரும் வருக’ என்று நோட்டீஸில் போட்டிருக்கும். அனைவரும் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை செயலாளருக்கு இதுவரை வந்ததில்லை.

செயலாளர் மத்திய அரசு உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். நோட்டீஸ் அடிப்பது, மேடையைப் பெருக்குவது, குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது, வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் அவர்தான். தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் எல்லாரும் நோட்டீஸில் இருக்கிறார்கள். அவருக்கு இருக்கும் ஒரே மனக்குறை முன் வரிசை. நம் ஜனங்களுக்குப் பந்தி என்றால் முதல் வரிசை, கச்சேரி என்றால் கடைசி வரிசை. ஃபேனுக்குக் கீழே, கதவுக்குப் பக்கத்தில், செருப்பு கண்ணில் படுகிற இடத்தில்தான் உட்காருவார்கள். அவரும் கெஞ்சிப் பார்த்தார். பிறகு ஒரு யுக்தி செய்தார். கடைசி இரண்டு வரிசை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். இப்போது தாமதமாக வருகிறவர் ஜமக்காளத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் போயே ஆகவேண்டும். வித்வான் அனுபல்லவியை விடாமலேயே தலையை ஆட்டி அவரை வரவேற்பார். அப்படி வரவேற்கப்பட்டவர் மங்களம் வரைக்கும் கைதி.

அந்த வரிசையில் எனக்கு ஏறக்குறைய நிரந்தர இடம். ஞானத்துக்காகக் கிடைத்ததில்லை. என் வீடு கூடத்துக்கு எதிர்வீடு. ஊரில் இல்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பால்கனியில் துணி காய்வது மேடையிலிருந்தே தெரியும்.

முன் வரிசைக்காரன் தாளம் போட வேண்டும் என்பது எழுதாத சட்டம். போடாவிட்டால் கர்வி, தப்பாகப் போட்டால் பாவி. ஆதி தாளம் என்றால் எட்டு அட்சரம், எப்படியோ தொடையைத் தட்டி ஒப்பேற்றலாம். ரூபகமும் பரவாயில்லை. மிஸ்ர சாபு வந்தால் ஏழு, கண்ட சாபு வந்தால் ஐந்து, அங்கேயே முழங்கை தளர்ந்துவிடும். பைரவியில் அட தாள வர்ணத்தை எடுத்துவிட்டாரானால் ஆவர்த்தனத்துக்கு 14 அட்சரம். எங்கே தட்டுவது, எங்கே வீசுவது, எங்கே விரல் எண்ணுவது என்று நாம் யோசிப்பதற்குள் பல்லவி முடிந்து முக்தாயி ஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும். மிருதங்கக்காரரின் பார்வை நேராக நம் முழங்காலில் வந்து நிற்கும்.

எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் உண்டு. அவருடைய தாளம் எந்த வித்வானைவிடவும் அரை அட்சரம் முன்னால் ஓடும். ரயில்வேயில் இருந்தவர். அப்படியானால் பின்னால்தானே ஓடவேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரு தடவை கஞ்சிரா வாசிக்க வந்த பையன், பாவம், பாடகரையும் பார்த்து இவரையும் பார்த்துத் தடுமாறி, கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசித்தான். கூட்டம் அதை லயிப்பு என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.

இன்றைக்கு நாம் கேட்கும் கச்சேரிக்கு ஒரு வரிசை இருக்கிறதே, முதலில் வர்ணம், பிறகு கீர்த்தனைகள், நடுநாயகமாகப் பெரிய உருப்படி, கடைசியில் துக்கடா, மங்களம் என்று, அதற்கு உரு கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பார்கள். அவர் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார், கேன்டீனைத் தவிர. மார்கழி சீசனில் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்க வேண்டியதுதான், பெரிய சபாக்களில் பாதிக் கூட்டம் எழுந்து வெளியே நடக்கும். லய வித்வான்கள் இதைப் பற்றி எவ்வளவோ வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்கள். அடை அவியலுக்கு எதிரே எந்த வருத்தம் எடுபடும்?

எங்களிடம் அந்தப் பேச்சே கிடையாது. முப்பதில் ஒருவர் எழுந்தால் பல் விழுந்த இடம் மாதிரி அந்த நாற்காலி மேடையைப் பார்த்துப் பேசும். மேலும், சுண்டல் மங்களத்துக்குப் பிறகுதான். செயலாளர் மாமி தூக்குவாளியை மேடை ஓரத்தில் கொண்டுவந்து வைத்து, மூடியை மட்டும் லேசாகத் தளர்த்தி விடுவார். பெருங்காய வாசனை கல்பனாஸ்வரத்தோடு சேர்ந்து வரும். ஆகவே சென்னைப் பட்டணத்தில் தனி ஆவர்த்தனத்தை உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் முழுதாகக் கேட்ட ஜனக்கூட்டம் என்று எங்களைத் தாராளமாகச் சொல்லலாம். கோர்வை மூன்று தடவை வரும், மூன்றாவது முடிகிற இடத்தில் பாட்டு திரும்ப ஏறிக்கொள்ளும் என்பது எங்கள் காலனியில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். அவர் அதைக் கேட்டுத்தான் கேட்டைத் திறக்கக் கிளம்புகிறார்.

கிட்டத்தில் உட்காருவதால் சில விஷயங்கள் தெரியவரும். மிருதங்கத்தின் இடது பக்கம், அதாவது தொப்பியில், ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து வட்டமாக அப்புவார்கள். அந்தக் கனம்தான் கும்காரத்தைக் கொடுக்கிறது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஒரு தடவை வித்வான் ரவை கொண்டுவர மறந்துவிட்டார். செயலாளர் என்னைப் பார்த்தார். எதிர்வீடு ஆயிற்றே. என் மனைவி டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். வித்வான் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, “வறுத்த ரவையா?” என்றார். வறுத்ததுதான். பசை பிடிக்காமல் உதிர்ந்தது. வர்ணம் காத்துக்கொண்டிருந்தது. பாடகி சுருதிக்குக் கைப்பேசிச் செயலியை வைத்திருந்தார், அதில் தம்பூரா மீட்டிக்கொண்டே இருந்தது. நடுவில் யாரோ கடன் வேண்டுமா என்று கேட்கக் கூப்பிட, தம்பூராவும் நின்றது. கடைசியில் மூன்றாவது தெருவிலிருந்து வறுக்காத ரவை வந்தபிறகுதான் கச்சேரி ஆரம்பமானது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு ரவை டப்பா இருக்கிறது. ஒன்றின்மேல் ‘உப்புமா’ என்றும் இன்னொன்றின்மேல் ‘சபா’ என்றும் ஒட்டியிருக்கிறாள்.

மைக் விஷயம் தனி. ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால், கிட்டப்பா காலத்தில், கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று உச்ச சுருதியில் பாடினார்கள். மைக் வந்ததும் சுருதி இறங்கியது, பாட்டு நுணுக்கமானது, எல்லாம் சரி. ஆனால் முப்பது பேர் உட்காரும் கூடத்துக்கு ஆளுயரத்தில் இரண்டு பெட்டி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் போன அதே பெட்டிகள்தான் இங்கேயும் வரும். மைக் செட் பையனுக்கு இரண்டுக்கும் ஒரே அளவு. பாடகர் தன் மைக்கைக் காட்டி ஆகாசத்தைக் காட்டுவார்: ஏற்று. வயலின்காரரும் ஆகாசத்தைக் காட்டுவார். மிருதங்கக்காரர் இரண்டு கையையும் உபயோகித்துக் காட்டுவார். யாரும் பூமியைக் காட்டி நான் பார்த்ததில்லை. கடைசியில் எல்லாமே ஏறி, பெட்டி ஊளையிட, தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கும். எங்கள் காலனிக்கு வந்து பழகிய வித்வான்கள் விமானச் சத்தம் கேட்டதும் ஷட்ஜத்தில் போய் நின்றுகொள்வார்கள். இறங்குகிற விமானம் ஒரு கட்டையா ஒன்றரைக் கட்டையா என்பதில் எங்கள் ரசிகர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு.

நாடக மாதம்தான் கூட்டம் கொஞ்சம் கூடும். ஒரு காலத்தில் சபாக்களை நம்பித்தான் சென்னையில் நாடகம் பிழைத்தது. 1952-ல் ஒய்.ஜி.பார்த்தசாரதி தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், கே.பாலசந்தரின் குழு என்று சபா சபாவாக ஏறி இறங்கினார்கள். மேடையில் ஓடிய ‘சர்வர் சுந்தரம்’ 1964-ல் படமானது. ‘மேஜர் சந்திரகாந்த்’தில் மேஜராக வந்த சுந்தரராஜனுக்கு அந்தப் பதவி ஆயுசுக்கும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எங்களிடம் வரும் குழுக்கள் அந்த வம்சத்தின் கடைசிப் பேரப்பிள்ளைகள். பகலில் வங்கி, ராத்திரி ஒத்திகை. சோபா செயலாளர் வீட்டுச் சோபா. கதாநாயகியின் அப்பா அதில் கோபமாக உட்காரும்போதெல்லாம் மாமிக்கு ஸ்பிரிங் ஞாபகம் வந்து முகம் சுருங்கும்.

மேடைக்குப் பின்னால் நடைவழி கிடையாது என்பதுதான் தொல்லை. இடது பக்கமாக வெளியே போகும் நடிகர் அடுத்த காட்சியில் வலது பக்கமாக வர வேண்டுமானால் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, மோட்டார் ரூம் வழியாக ஓடி வர வேண்டும். ஐப்பசி மாதத்தில் ஒரு நாடகம். டில்லியிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் மாப்பிள்ளை, சொட்டச் சொட்ட நனைந்து, கையில் சூட்கேஸோடு மேடைக்கு வந்தார். மாமனார் வேடக்காரர் ஒரு நொடி திகைத்தார். பிறகு, “என்ன மாப்பிள்ளை, ஜன்னல் சீட்டா?” என்றார். எழுதின வசனத்தில் அவ்வளவு பெரிய கைதட்டல் எதற்கும் விழவில்லை. எழுதியவர் முன் வரிசையில் என் பக்கத்தில்தான் இருந்தார். அவர் கைதட்டவில்லை.

ஒரு வீணைக் கச்சேரியில் மின்சாரம் போனது. அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தோடியை விஸ்தாரம் செய்துகொண்டிருந்தார். பெட்டி ‘டப்’ என்று செத்தது. கூடம் கும்மிருட்டு. செயலாளர் மெழுகுவர்த்தி தேட ஓடினார். அம்மாள் நிறுத்தவில்லை. முதல் தடவையாக வீணையின் சத்தம் வீணையிலிருந்தே வந்தது. நகம் தந்தியில் படுகிறது, விரல் மெட்டின்மேல் வழுக்கிப் போகிறது, தந்தியை இழுக்கும்போது காந்தாரம் ஆடுகிறது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. இந்த வாத்தியத்துக்கு இந்த அளவு கூடம்தான், இந்தப் பெட்டியெல்லாம் அநாவசியம் என்று எனக்கு அப்போதே தீர்மானமாகப் பட்டது. இதைச் செயலாளரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வந்தது. நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. இருட்டைப் பயன்படுத்திக்கொண்டு சத்தமில்லாமல் நழுவியிருக்கிறார்கள். கயிறு கட்டிய நாற்காலி அடுக்கை ஒருத்தரும் இடித்துக்கொள்ளவில்லை என்றால் எவ்வளவு நாளாக அந்த வழியை மனசுக்குள் அளந்து வைத்திருக்க வேண்டும்! மிச்சமிருந்தவர்கள் நான், ரயில்வே பெரியவர், சுண்டலுக்காகத் தூக்குவாளியின் பக்கத்திலேயே நின்றுவிட்ட இரண்டு பையன்கள், மற்றபடி தூங்கிக்கொண்டிருந்தவர்கள். பெரியவர் இருட்டிலும் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், ஆலாபனைக்கு.

மறுநாள் செயலாளர் நன்கொடை ரசீது புத்தகத்தோடு வந்தார். மின்சாரம் இல்லாமல் வீணை எவ்வளவு சுகமாக இருந்தது, அடுத்த தடவை மைக்கே வேண்டாம் என்று நான் விளக்கினேன். “நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி சார்,” என்று ஒப்புக்கொண்டு, என் பெயருக்கு ஐந்நூறு ரூபாய் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அடுத்த மாதம் கூடத்துக்கு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. மைக்குக்கு அதிலிருந்து இணைப்பு தரவில்லை, மேடை விளக்குக்கும் தரவில்லை. ரசிகர்கள் தலைக்கு மேலே இருக்கும் இரண்டு டியூப்லைட்டுக்கு மட்டும் தந்திருக்கிறார்.