மனுதாரரைப் பணி நிரந்தரம் செய்க!

அனுப்புநர்:
கணினிப் பித்துப் பிடித்த ஒரு குடிமகன்,
அம்பத்தூர் ஓ.டி. அருகில், சென்னை – 600 053.

பெறுநர்:
செயலிகளும் போர்ட்டல்களும் வெளியிடும் அனைத்துத் துறைகளின் உயர் அலுவலர் அவர்கள்
(அறை எண் எந்தத் தளத்திலும் கிடைக்கவில்லை).

பொருள்: சம்பளமின்றி அலுவலக வேலை பார்த்துவரும் அம்பத்தூர்வாசியை இளநிலை உதவியாளராகப் பணி வரன்முறை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் செயலி. 2. அதன் புதிய பதிப்பு. 3. அதற்குப் பதிலாக வந்த இன்னொரு செயலி.

ஐயா / அம்மையீர்,

மேற்படி மனுதாரர் தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்லர் என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறார். அவர் வீட்டுப் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுகிறது. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் வந்ததைக் கொண்டாடியவர். அதற்கும் முன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தமிழ் மின்னூல் கோப்புகளைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு திரிந்தவர். புதுச் செயலி எது வந்தாலும் முதல் நாளே இறக்கிப் பார்த்துவிடுவார். அந்த ஆர்வம்தான் அவரை இந்த வேலையில் மாட்டிவிட்டது.

அவர் பார்க்கும் முதல் வேலை, டிக்கெட் கிளார்க். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1ஆம் தேதி ரயில் ஓடத் தொடங்கிய தடத்தில்தான் அம்பத்தூரும் ஆவடியும் இருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தடத்தில் டிக்கெட் கொடுத்தவர் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். 2015இல் எழும்பூர்–தாம்பரம் தடத்தில் காகிதமில்லாச் சீட்டு வந்தது. பிறகு மற்ற தடங்களுக்கும் பரவியது. அன்றிலிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர் மனுதாரர். புறப்படும் நிலையம், சேரும் நிலையம், ஆள் எண்ணிக்கை, கட்டணம் எல்லாவற்றையும் அவரே பதிகிறார்; அவருக்கு அவரே சீட்டும் கொடுத்துக்கொள்கிறார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. காகிதமில்லாச் சீட்டைத் தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்று எடுக்க முடியாது. பரிசோதகர் தலையைக் கண்டதும் அவசரமாகச் சீட்டெடுக்கும் ஆசாமிகளைத் தடுப்பதற்கான ஏற்பாடு, நியாயமானதுதான். ஆனால் எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கலாம் என்ற அதிகபட்ச வரம்பை 2024இல் நீக்கிவிட்டார்கள். ஆகவே புறநகர் ரயிலே இல்லாத பூந்தமல்லியில், கட்டிலில் படுத்தபடி ஆவடி டிக்கெட் எடுக்கலாம். ஆவடி ஸ்டேஷனுக்கே வந்து, ரயிலைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பவர்தான் ஜிபிஎஸ் சமாதானமாகும் வரை ரோட்டுப் பக்கம் பின்வாங்கி நடக்க வேண்டும், அல்லது சுவரில் ஒட்டிய க்யூஆர் குறியைத் தேடிப் போக வேண்டும்.

ஊதியமே இல்லை என்று மனுதாரர் பொய் சொல்ல மாட்டார். 2025 ஜூலை 1ஆம் தேதி ரயில்வேயின் ரயில்ஒன் செயலி அறிமுகமானபோது, ஆர்-வாலட் என்ற அதன் மின்பணப்பை வழியாக முன்பதிவில்லாச் சீட்டு எடுத்தால் 3 சதவீதத் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். புறநகர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஆக, ஒரு சீட்டுக்கு அவர் சம்பளம் 15 பைசா. அகவிலைப்படி பற்றித் தகவல் இல்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். சென்னைக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்கும் சட்டம் 2010இல் வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்த ‘சென்னை ஒன்று’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது. பதினைந்து வருடம் கழித்து வந்தாலும் நல்ல யோசனை. மனுதாரர் கைதட்டி வரவேற்றார். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக்கும் செயலி வந்ததால் பழையவற்றில் ஒன்றைக்கூட அழிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எது எந்த நாளில் உதவும் என்று யார் கண்டது!

இரண்டாவது வேலை, டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். விண்ணப்பத்தில் ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் மின்னும். தமிழ்நாட்டில் பாதிப்பேருக்குப் பெயரும் இனிஷியலும்தான் சொத்து. ஒரு தளத்தில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கினால், அடுத்த தளம் ஆதாரோடு பொருந்தவில்லை என்கிறது. ஒற்றை எழுத்தைப் போட்டால் குறைந்தது மூன்றெழுத்து வேண்டும் என்கிறது. ஒரு குடும்பத்தின் வம்சாவளியையே திருத்தி எழுதும் இந்த அதிகாரத்தை, தாசில்தாருக்கும் இல்லாத இந்த அதிகாரத்தை, மனுதாரர் இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே செலுத்திவருகிறார்.

புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து 20 கேபிக்குள். படத்தைச் சுருக்க அவர் பிரவுசிங் சென்டர் போகிறார். அதைத் தங்கள் சர்வரே நொடியில் செய்யும். அதற்கான இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் 1990இலேயே வெளியாகிவிட்டது.

மூன்றாவது, ஜெராக்ஸ் கடைக்காரர். அரசின் டிஜிலாக்கரில் உள்ள ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017இல் விதியே வந்துவிட்டது. மனுதாரர் அதை நம்பி, டிஜிலாக்கரிலிருந்து சான்றிதழை இறக்கி, அச்செடுத்து, சுயசான்றொப்பமிட்டு, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி மறுபடி அரசுக்கே ஏற்றுகிறார். அரசு கொடுத்த காகிதம், அரசு பார்த்த காகிதம், அரசுக்கே போய்ச் சேர்கிறது. நடுவில் தேய்வது அவருடைய பிரின்டர் இங்க்.

நான்காவது வேலை நவம்பர் மாதத்தில் வரும். 1961இல் அமைந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில், ஊர்க்காரர்கள் சொல்லும் டேங்க் ஃபேக்டரியில், ஓய்வுபெற்ற பெரியவர்கள் அப்போது வீடு தேடி வருவார்கள். ஓய்வூதியர்களுக்கான மின்னணு ஆயுள் சான்று 2014இல் வந்தது. முகத்தைக் காட்டிப் பதியும் வசதி 2021இல். “தம்பி, நான் உயிரோட இருக்கேன்னு கொஞ்சம் அப்லோடு பண்ணிக் குடுப்பா” என்பார் ஒருவர். “கண்ணைச் சிமிட்டுங்க சார்” என்பார் மனுதாரர். பெரியவர் சிமிட்டுவார். செயலி நம்பாது. நாட்டுக்கு டேங்க் செய்து கொடுத்தவர் ஜன்னலோரமாக நின்று, வெளிச்சம் பார்த்து, மறுபடி மறுபடி கண் சிமிட்டுவதைக் காணும்போது, பழைய வழியில் வங்கிக்கே அழைத்துப் போயிருக்கலாமோ என்று மனுதாரருக்குத் தோன்றும்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் மளிகைக் கடையைத் திறந்தார். கடைப் பையன் பார்த்த வேலையை வாடிக்கையாளர் பார்த்தார். பதிலுக்கு விலையாவது குறைந்தது. கூலியில்லாமல் மக்கள் தலையில் விழும் இத்தகைய வேலைகளுக்கு ‘நிழல் வேலை’ என்று பெயர் சூட்டி, 1981இல் ஐவன் இல்லிச் ஒரு புத்தகமே எழுதினார். அலுவலகத்தின் உற்பத்தித்திறன் உயர்ந்ததென்று தாங்கள் காட்டும் வரைபடத்தில், மனுதாரரின் காலை நேரம் எந்தக் கணக்கில் வருகிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. லேத்தில் ஒரு ஷாஃப்ட் கடைந்தால் ஜாப் கார்டு உண்டு. யார் செய்தார், எத்தனை நிமிடம், எத்தனை ரிஜெக்ட் எல்லாம் அதில் இருக்கும். ஓவர்டைம் என்றால் ஓவர்டைம்.

மனுதாரர் இழப்பது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் பொமொடோரோ முறையைக் கண்டுபிடித்தார்: 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு 5 நிமிடம் ஓய்வு. அம்பத்தூரில் ஏறிக் கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் தாண்டி சென்ட்ரல் போவதற்குள் அப்படி ஒரு சுற்று தாராளமாக முடியும். ஜன்னலோர இடம் கிடைத்தால் ஒரு நல்ல சிறுகதை. கதை சூடு பிடிக்கும்போதுதான் நேற்று நிரப்பிய விண்ணப்பத்தில் ‘செஷன்’ காலாவதியான நினைவு வருகிறது. மறுபடி உள்நுழைய வேண்டும். சாயங்காலம் திரும்பும்போதும் அதே கதை. பஸ் ஓ.டி.க்கு வந்துவிடும், ஓடிபி வராது.

வாசிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்று விதியாகவே எழுதிவைத்தவர் இதே சென்னையில் வேலை பார்த்தவர். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போன எஸ்.ஆர். ரங்கநாதன். அவருடைய ஐந்து விதிகளும் 1931இல் சென்னையிலேயே புத்தகமாயின. அதே ஆண்டு மன்னார்குடியில் மாட்டு வண்டி நூலகம் கிளம்பியது. கிராமத்து ஆட்களிடம் புத்தகமே போய்ச் சேர்ந்தது. யாரும் பதிவு எண் வாங்கிக் காத்திருக்கவில்லை.

ஆகவே, கீழ்க்கண்ட இரண்டில் ஒன்றைத் தாங்கள் தேர்ந்துகொள்ளலாம்.

ஒன்று: மனுதாரரை 2015 முதல் முன்தேதியிட்டு இளநிலை உதவியாளராகப் பணி வரன்முறை செய்து, நிலுவைத் தொகையும் ஒரு நாற்காலியும் வழங்குக. குரூப் 4 தேர்வு எழுதவில்லையே என்று ஆட்சேபித்தால், இந்த விண்ணப்பங்களை நிரப்பியதையே தேர்வாகக் கொள்க.

அல்லது: அரசே வழங்கிய சான்றை அரசே எடுத்துக்கொள்க. படத்தைச் சுருக்கும் வேலையைச் சர்வரிடம் விடுக. கடைசிப் பெயருக்குப் பக்கத்திலுள்ள சிவப்பு நட்சத்திரத்தை நீக்குக. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட பிறகும், பழைய எழுத்துருவில் அடித்துத் தேட முடியாத பிடிஎஃப் ஆக ஏற்றும் வழக்கத்தை நிறுத்துக. கவுன்டரில் ஒரு மனிதரை உட்காரவைத்து, கண் சிமிட்ட முடியாத பெரியவர்களை அவரிடம் அனுப்புக.

இரண்டாவது வழியில் செலவு குறைவு. மனுதாரரின் விருப்பமும் அதுவே. அடுத்த பதிப்பு வெளியாகுமுன் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
மனுதாரர்.