ஆலை வைக்கப் போகிறாயா, தம்பி?

கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு ஊரோடு வந்து வெல்ல ஆலை போடப் போகிறாயாம். ரசாயனம் துளியும் சேர்க்காமல் காய்ச்சப் போகிறாயாம். நல்லா இரு. அப்பா விட்டுப்போன தோட்டம், ஒரு மோட்டார், மூன்று உருளை ஆலை, ஒரு கொப்பரை, அடுப்பெரிக்கக் காய்ந்த சக்கை. இவ்வளவு போதும் என்று யூடியூபில் எவனாவது சொல்லியிருப்பான். போதும்தான், காய்ச்சுவதற்கு. விற்பதற்கு இன்னொரு சாமான் வேண்டும். அதற்குப் பெயர் ஹைட்ரோஸ்.

முகத்தைச் சுளிக்காதே. சோடியம் ஹைட்ரோசல்பைட் என்பது முழுப்பெயர். ஈரோடு, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் புழங்குகிற வெள்ளைப் பொடி. பாகில் தூவினால் பழுப்பு ஓடிப்போய்ப் பொன்மஞ்சள் வந்து உட்காரும். சாறு மணிக்கணக்கில் கொதித்தால் கறுக்கத்தான் செய்யும், அது கரும்பின் பிழையல்ல. அழுக்கு எடுக்க வெண்டைச் செடித் தண்டை நசுக்கி ஊற வைத்த கொழகொழத் தண்ணீரும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதும் என்று உன் தாத்தாவுக்குத் தெரியும். பாகை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலில் உருட்டி, உருண்டையைத் தட்டில் போட்டு அது எழுப்பும் ஓசையிலேயே பதம் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். நகரத்து மகராசனின் கண்ணுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதை மட்டும் அவர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அந்த மகராசனை உனக்குத் தெரியும். துணிப்பையோடு வருவான். வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் தினம் ஒரு பதிவு போடுவான். நாட்டுச் சர்க்கரை டீக்கு அஞ்சு ரூபாய் கூடக் கொடுப்பான். தனக்கு இருக்கும் நீரிழிவுக்கு வெல்லம் ஒன்றும் செய்யாது என்று எவனோ சொன்னதை நம்பி இரண்டு உருண்டை கூடவே தின்பான். வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தானே என்று டாக்டர் சொன்னால் டாக்டரை மாற்றுவான். அப்பேர்ப்பட்டவன் உன் கறுத்த வெல்லத்தைப் பார்த்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "என்னங்க, அழுக்கா இருக்கு?" பக்கத்துத் தட்டில் பளபளக்கும் மஞ்சள் உருண்டையை அள்ளிக்கொண்டு போவான். வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருந்தால் அதுவும் கறுக்கும். அதற்கும் உன்னைத்தான் திட்டுவான்.

வெல்ல ஏலத்துக்குப் போய்ப் பார். பிலிக்கல்பாளையத்தில் 30 கிலோ சிப்பம், கவுந்தப்பாடியில் 60 கிலோ மூட்டையில் நாட்டுச் சர்க்கரை. வியாபாரி உருண்டையை உடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். நிறத்துக்குத்தான் முதல் விலை. உன் நேர்மைக்கு அங்கே எடைக்கல் இல்லை.

கணக்கையும் போட்டுக்கொள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு குறித்த கரும்பு விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு, குவிண்டாலுக்கு 355 ரூபாய். அந்த விலைக்கு வாங்கினால் டன்னுக்கு 3,550. ஒரு டன் கரும்பில் சுமார் 100 கிலோ வெல்லம் வரும். ஆகக் கரும்புக்கே கிலோவுக்கு 35 ரூபாய்க்கு மேல். வெட்டுக்கூலி, வண்டி வாடகை, காய்ச்சுகிறவர் கூலி இதற்கப்புறம். உன் பக்கத்துத் தோட்டக்காரர் என்ன செய்கிறார்? 50 கிலோ மூட்டை வெள்ளைச் சர்க்கரையை வாங்கி அப்படியே கொப்பரையில் கவிழ்க்கிறார். வெட்டவும் வேண்டாம், பிழியவும் வேண்டாம். சேலம் மாவட்டம் ஓமலூர்ப் பக்கத்தில் அதிகாரிகள் மூட்டை மூட்டையாகப் பிடித்தது இதைத்தான். விஷம் என்று ஒதுக்கிய சர்க்கரையையே கூடுதல் விலை கொடுத்து வாங்கித் தின்கிறான் நம் மகராசன். அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான்.

சரி, பெயர் போட்டு, முகவரி போட்டு, நாணயமாக விற்கிறேன் என்கிறாய். அதற்குத் தண்டனை உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோவுக்கு மிகாத பையில் அடைத்து விவரச் சீட்டு ஒட்டினால் வெல்லத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. எவன் காய்ச்சினான், எதைக் கலந்தான் என்று தெரியாத 30 கிலோ சிப்பத்துக்கு வரி இல்லை. பெயர் சொல்கிறவனிடம் வசூல், முகம் காட்டாதவனுக்குச் சலுகை! இதை யோசித்தவருக்கு ஒரு சிப்பம் வெல்லம் அனுப்பலாம், ஹைட்ரோஸ் கொஞ்சம் தூக்கலாகவே போட்டு.

கரும்பு கிடைக்குமா என்று கேட்கிறாய். ஊர்க் கரும்பெல்லாம் சர்க்கரை ஆலையில் பதிவு. பதிவுக் கரும்பை உனக்குக் கொடுத்தால் விவசாயிக்கு நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸ் மட்டும் உரிய காலத்தில் வரும். 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஆலைகள் 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி. இதைச் சொல்லி எந்தக் கரும்பு விவசாயியையும் சிரிக்க வைக்கலாம். திருமண்டங்குடியில் தங்கள் பெயரில் சர்க்கரை ஆலை நிர்வாகம் வாங்கிய வங்கிக் கடனை எதிர்த்து விவசாயிகள் 2022 நவம்பர் கடைசியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கோடிகளில் புரண்டவர்களின் கதை அப்படிப் போகிறது. நீ வங்கிக்குப் போனால் உன் தோட்டப் பத்திரம், மாமனார் ஜாமீன், சிபில் மதிப்பெண், மூன்று கொட்டேஷன் எல்லாம் கேட்பார்கள். கொப்பரைக்குக் கூடவா கொட்டேஷன் என்று கேட்காதே. கொப்பரைக்குத்தான்.

பொங்கல் நெருங்கும்போது வெல்ல ஆலைக்கு அதிகாரிகளின் ஜீப் வரும், கேமராவும் கூடவே வரும். பாகைக் கீழே கொட்டுவார்கள், மாதிரி எடுப்பார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். தை பிறந்தால் ஜீப்புக்கு வேறு வேலை. கலப்படம் செய்தவனைப் பிடிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அரசே வாங்கிக் கொடுத்த வெல்லத்தின் கதை என்ன? 2022 பொங்கலுக்கு 21 பொருள் தொகுப்பில் வந்த வெல்லம் ஒழுகுகிறது என்று ரேஷன் கடை வாசலில் ஜனங்கள் கத்தினார்கள். 2023-இல் அரசு கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? நல்ல வெல்லம் வாங்குவதல்ல. வெல்லத்தையே தூக்கிவிட்டுச் சர்க்கரை கொடுத்தார்கள். தலைவலிக்குத் தலையை எடுக்கும் வைத்தியம் கோட்டையில் இன்னும் செல்லுபடியாகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஆலை வைப்பேன் என்றால் வை, தம்பி. நானே வந்து வாங்குகிறேன், கறுப்பாகவே கொடு. அதிகாரிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஹைட்ரோஸ் கரும்புத் தோட்டத்தில் முளைப்பதில்லை. ஒரு கடையில் விற்கிறது, அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது. சாயப்பட்டறைப் பொடி வெல்ல ஆலைக்கு யார் பெயரில் பில்லாகிறது? அடுத்த மார்கழிச் சோதனையைக் கொப்பரையை விட்டுவிட்டு அந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்.