துடைப்பத்தால் நடந்த அகழாய்வு

மதுரையில் நடந்த முதல் அகழாய்வுக்குக் கொத்துக் கரண்டியோ அளவு நாடாவோ தேவைப்படவில்லை. ஒரு துடைப்பம் போதுமாக இருந்தது.

கதை இறையனார் அகப்பொருள் உரையில் இருக்கிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷப் பஞ்சம். ராஜா புலவர்களைக் கூப்பிட்டு, "சோறு போட வழியில்லை. ஆளுக்கொரு பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் சொல்லி அனுப்புகிறேன்" என்று அனுப்பிவிட்டான். சம்பளமில்லாத விடுப்பு. மழை பெய்தது, ஆள் போனது. எழுத்து தெரிந்தவர்கள் வந்தார்கள், சொல் தெரிந்தவர்கள் வந்தார்கள், யாப்பு தெரிந்தவர்களும் வந்தார்கள். பொருளதிகாரம் தெரிந்தவர் மட்டும் ஒருவரும் வரவில்லை. ராஜா நொந்துபோனான். எழுத்தும் சொல்லும் பொருளுக்காகத்தானே, பொருளே இல்லையென்றால் இதுகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று புலம்பினான். நிதியமைச்சர் யாராக இருந்தாலும் இதையேதான் சொல்வார்.

ஆலவாய்க் கடவுளுக்கு மனசு கேட்கவில்லை. அறுபது சூத்திரம் இயற்றிச் செப்பேட்டில் எழுதித் தன் பீடத்துக்கு அடியில் செருகி வைத்தார். நேரே ராஜா கையில் கொடுத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். கையில் கொடுத்தால் அது அரசாணை. அடியிலிருந்து எடுத்தால்தான் ஆராய்ச்சி.

கோயிலைக் கூட்டுகிறவர் அதுவரை பீடத்துக்கு அடியில் பெருக்கினதே இல்லை. இதை நான் சொல்லவில்லை, உரைகாரரே ஒளிவுமறைவில்லாமல் போட்டு உடைக்கிறார். அன்றைக்கு என்னவோ தோன்றி உள்ளே துடைப்பத்தை விட்டார். செப்பேடு வெளியே வந்தது. வேலையை ஒழுங்காகச் செய்துவந்திருந்தால் அங்கே குப்பையும் இருந்திருக்காது, இந்த இலக்கணமும் இவ்வளவு பரபரப்பாகக் கிடைத்திருக்காது.

வினை இனிமேல்தான். நூல் கிடைத்துவிட்டது, உரை வேண்டும். சங்கத்தில் 49 பேர். 49 பேரும் உரை எழுதினார்கள். 49 பேரும் தன் உரையே மெய்யுரை என்றார்கள். ராஜாவிடம் போய், "எங்களுக்கு ஒரு நடுவரைப் பிடித்துக்கொடுங்கள்" என்றார்கள். ராஜா கெட்டிக்காரன். "உங்களை மிஞ்சின ஆள் இருந்திருந்தால் உங்களை ஏன் சங்கத்தில் வைத்திருக்கிறேன்?" என்று நழுவிவிட்டான். மறுபடியும் சாமியிடம்தான் போக வேண்டியிருந்தது. குரல் வந்தது: உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மனைக் கூட்டி வாருங்கள். பையனுக்கு வயது ஐந்து. வாய் பேசமாட்டான்.

நான் எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த நியமனத்துக்கு இணையான புத்திசாலித்தனத்தை எங்கும் கண்டதில்லை. நடுவர் ஐந்து வயதுக்காரர் என்றால் முன்பகை கிடையாது. வாய் பேசமாட்டார் என்றால், "இதைத்தான் நான் முப்பது வருஷத்துக்கு முன்பே எழுதினேன்" என்று தொடங்கமாட்டார். பையனைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, வெள்ளைப் பூச் சூட்டிப் பலகையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக வாசித்தார்கள். பையன் சும்மா உட்கார்ந்திருந்தான். மருதனிளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் கண்ணீர் விட்டு மெய்சிலிர்த்தான். நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர். தீர்ப்பு முடிந்தது. மீதி 47 பேர் என்ன சொன்னார்கள் என்று உரையில் இல்லை. மதுரைக்காரர்கள்தானே, "பிள்ளைக்குக் கண்ணில் தூசி விழுந்துடுச்சு" என்று சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

இதே உரைதான் மூன்று சங்கங்களின் கணக்கையும் கொடுக்கிறது. அதை ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையாக வாசித்துப் பாருங்கள். தலைச்சங்கம்: உறுப்பினர் 549, காலம் 4440 ஆண்டு. இடைச்சங்கம்: 59 பேர், 3700 ஆண்டு. கடைச்சங்கம்: 49 பேர், 1850 ஆண்டு. கூட்டினால் பத்தாயிரத்துக்குப் பத்து குறைவு. பத்தாயிரம் என்றே எழுதியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று யாரோ ஒரு கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை: மூன்று எண்ணையும் 37 ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50. மிச்சமே வராது. வரலாறு இவ்வளவு சுத்தமாக வகுபடுகிறது என்றால் தணிக்கையாளர் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். தலைச்சங்க உறுப்பினர் பட்டியலில் சிவனும் முருகனும் இருப்பது போக, குபேரனும் இருக்கிறார். புலவர் கூட்டத்தில் குபேரனுக்கு என்ன வேலை என்று விழிக்கிறவர் ஆராய்ச்சி நிதிக்கு ஒரு தடவைகூட விண்ணப்பித்ததில்லை என்று அர்த்தம்.

நக்கீரர் சொன்ன உரை பத்துத் தலைமுறை வாய்வழியாக வந்து முசிறி நீலகண்டனாரிடம் சேர்ந்ததாம். அந்த உரையில் மேற்கோளாக வரிசைகட்டி நிற்பவை பாண்டிக்கோவைப் பாட்டுகள். அவை புகழ்கிற நெடுமாறனோ சங்ககாலம் முடிந்து பல நூற்றாண்டு கழித்து வந்த ராஜா. அதனால்தான் அறிஞர்கள் இந்த உரையை எட்டாம் நூற்றாண்டுப் பக்கம் தள்ளுகிறார்கள். அது நக்கீரரே சொன்னதுதான் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால், இன்னும் எழுதப்படாத நூலை மேற்கோள் காட்டிய உலகின் முதல் ஆய்வாளர் என்ற பட்டத்தையும் அவருக்கே கொடுத்துவிட வேண்டியதுதான்.

நக்கீரரை நமக்கெல்லாம் தெரிந்தது திருவிளையாடலில்தான். ஆயிரம் பொற்காசு கொண்ட ஆய்வு நல்கை. தலைப்பு, பெண்கள் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா. விண்ணப்பித்தவர் தருமி, கல்யாணம் பண்ணக் காசில்லாத பையன். கட்டுரையை எழுதிக்கொடுத்தவர் சொக்கநாதர். கூலிக்கு ஆய்வேடு எழுதிக்கொடுப்பதை இந்தக் காலத்துச் சீரழிவு என்று புலம்புகிறவர்கள் இந்தப் படலத்தைப் படிப்பதில்லை போலும். நடுவர் நக்கீரர் பொருட்குற்றம் என்று திருப்பி அனுப்பினார். மூல ஆசிரியர் நேரில் வந்து விளக்கம் சொன்னார், எடுபடவில்லை. கடைசியில் நெற்றிக்கண்ணைத் திறந்தார். திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொரு ஆய்வாளனும் மனசுக்குள் திறப்பதுதான். அவருக்கு நிஜமாகவே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்து மீண்டதோடு சினிமா முடித்துக்கொள்கிறது. புராணம் இன்னும் ஒரு படலம் தள்ளிப் போகிறது. கரையேற்றிய பிறகு, இவருக்கு இலக்கணம் சரியாகத் தெரியாததால்தான் இவ்வளவு வம்பு என்று முடிவுகட்டி, அகத்தியரைக் கூப்பிட்டு நக்கீரருக்குப் பாடம் நடத்தச் சொல்கிறார் சாமி. நடுவருக்குப் புத்தொளிப் பயிற்சி! பல்கலைக்கழகங்கள் இதைப் பின்பற்றலாம். என் ஆய்வேட்டைப் பரிசோதிக்க வந்த பெரியவர் மூன்று வருஷ உழைப்பைப் புரட்டிப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி, "பக்க எண்ணை ஏன் மேலே போட்டீர்கள்?" அகத்தியர் வீட்டு விலாசம் கையில் இல்லாமல் போனது.

நான்காவது சங்கத்தை 1901இல் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தொடங்கினார். சொற்பொழிவுக்காக ஊருக்கு வந்தவர் ஒரு கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம்; இருபதாம் நூற்றாண்டு மதுரையில் அவை கிடைக்கவில்லையாம். சங்கம் வைத்த ஊர்! அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தச் சங்கம், செந்தமிழ் இதழ் எல்லாம். தேவர் நடுவராக இருந்த கதையும் ஒன்று சொல்வார்கள். ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் குறளில் எதுகை உதைக்கிற இடங்களையெல்லாம் "திருத்தி"ப் பதிப்பித்துவிட்டார். தேவர் பார்த்தார். மறுப்புரை எழுதவில்லை, கண்டனக் கூட்டம் போடவில்லை. மொத்தப் படிகளையும் காசு கொடுத்து வாங்கிக் கொளுத்திவிட்டார். ஜமீன்தார் நடுவராக இருந்தால் வேலை விரைவாக முடியும். ஆசிரியருக்கும் நஷ்டமில்லை.

மாங்குளம் கதைக்கு மட்டும் நெருப்புமில்லை, காசுமில்லை. அழகர்மலைக்குக் கிழக்கே மீனாட்சிபுரத்து மலையில் குகைகள், வழவழவென்று வெட்டிய கற்படுக்கைகள், மேலே பாறை விளிம்பில் எழுத்து. சுற்றுவட்டாரத்தில் இப்படி எந்தக் குகையைக் கேட்டாலும் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். வனவாசம் முழுவதும் அந்த ஐந்து பேரும் மதுரை ஜில்லாவில்தான் படுத்துக் கிடந்திருக்க வேண்டும். 1882இல் இராபர்ட் சீவல் அந்த எழுத்தைக் கவனித்தார். பிராமி எழுத்து, ஆகவே பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று பெரிய தலைகள் திணறின. தமிழ்நாட்டில், தமிழன் வெட்டிய கல்லில், தமிழ் இருக்கக்கூடும் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொல்வதற்கு 1924 ஆகிவிட்டது. அதிலிருந்த நெடுஞ்செழியன் என்ற பெயரை ஐராவதம் மகாதேவன் வாசித்தது 1965இல். கணி நந்தன் என்ற சமண முனிவருக்கு நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுதி செய்துகொடுத்த படுக்கை அது. வாசித்தவர் பேராசிரியர் அல்ல, ஐ.ஏ.எஸ். அதிகாரி. கோப்பில் கையெழுத்து புரியாமல் இருப்பது அவருக்குப் பழகியிருக்கும்.

அதே 1965இல்தான் ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடல் வந்தது. நாகேஷ் கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்புவதைப் பார்க்க ஊரே தியேட்டரில் முட்டிக்கொண்டு நின்ற வருஷத்தில், நிஜப் பாண்டியன் ஒருவன் இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு ஒரு பாறையிலிருந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு டிக்கெட் வாங்க ஆளில்லை.

இனிக் கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போல. சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரைக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. தென்னந்தோப்புக்கு நடுவே பள்ளிச்சந்தைத் திடல். மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு 2015இல் குழி போட்டது. செங்கல் சுவர், உறைகிணறு, தந்தத்தில் செய்த தாயக்கட்டை, ஆதன் என்றும் குவிரன் என்றும் கீறிய பானை ஓடு. ராஜாவும் இல்லை, சாமியும் இல்லை. பானையில் தன் பெயரை எழுதிவைத்தால்தான் அடுத்த வீட்டுக்காரன் எடுத்துக்கொண்டு போகமாட்டான் என்று தெரிந்த ஜனங்கள். 2017இல் அமர்நாத்துக்கு அசாமுக்கு மாற்றல். 2018லிருந்து மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு புளோரிடா வரை போய் கி.மு. 580 என்று காலம் வாங்கி வந்தது. 2019இல் அறிக்கை வந்ததும், அதுவரை பானை ஓட்டைக் காலால் எத்திவிட்டுப் போனவர்களெல்லாம் குடும்பத்தோடு ஆட்டோ பிடித்துக் குழி பார்க்க வந்தார்கள்.

குழிக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மண்ணைச் சீவி முடித்ததும் ஊர்ப் பெண்கள் குனிந்து மெதுவாகத் துடைப்பத்தால்தான் கூட்டி எடுப்பார்கள். கருவி மாறவில்லை. மாறியது நடுவர்தான். அமர்நாத் தன் இரண்டு கட்ட ஆய்வுக்கும் 982 பக்க அறிக்கை எழுதி 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் அது திரும்பி வந்தது: காலக் கணிப்பைத் திருத்துங்கள், முதல் காலகட்டத்துக்குப் போட்ட கி.மு. எட்டாம் நூற்றாண்டு ரொம்ப முந்தி, இன்னும் இளசாக்குங்கள். ஆதாரம் சொல்வதைத்தான் எழுதியிருக்கிறேன், மாற்றமாட்டேன் என்றார் அவர். ஜூனில் மறுபடியும் மாற்றல். நக்கீரர் தொனியில் பேசினால் குளம் நிச்சயம். எந்த ஊர்க் குளம் என்பது மட்டும் உத்தரவில் வரும்.

982 பக்கத்தையும் பலகையில் உட்கார்ந்து கடைசிவரை காதுகொடுத்துக் கேட்கக்கூடிய ஐந்து வயதுப் பிள்ளை உப்பூரிகுடிப் பக்கம் யாராவது இருந்தால், பெற்றோர் தயவுசெய்து தகவல் சொல்லி அனுப்பவும். வெள்ளை வேட்டியும் பூவும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.